மூக்கிலிருந்த முள்ளை அழிக்காத கடை

பழைய படத்தைச் சரிசெய்து சட்டம் போட இந்தக் கடைக்கு நான் இரண்டாவதாகத்தான் வந்தேன். முதலில் போன இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே வேலை செய்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. கெட்ட எண்ணத்தோடு அவன் எதையும் செய்யவில்லை. கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றாமலே கைப்பேசியால் படம் பிடித்துக்கொண்டு, கணினியில் ஏற்றி, கீறல், கறை, பூஞ்சை எல்லாவற்றையும் துடைத்துப் பளபளவென்று கொடுத்தான். நானும் காசைக் கொடுத்துவிட்டு மகிழ்ச்சியாக வீட்டுக்கு வந்து மாட்டிவிட்டேன். தீபாவளிக்கு வந்த தங்கைதான் சுவரைப் பார்த்து நின்றாள்.

"அண்ணே, அப்பா பக்கத்தில் நிற்பவருக்கு மூக்கில் முள் இருக்குமே, அது எங்கே?"

இல்லை. முள்ளைக் கீறல் என்று நினைத்து அழித்திருந்தான். கன்னத்தில் இழுத்திருந்த மூன்று கோடுகளைப் பூஞ்சை என்று நினைத்து அழித்திருந்தான். போகிற போக்கில் நிறத்தையும் இரண்டு படி ஏற்றிவிட்டிருந்தான். அப்பாவுக்குப் பக்கத்தில் இப்போது நின்றவர் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஏதோ ஓர் ஆள்.

அந்த முள் முள்ளம்பன்றியின் முள். அதை வைத்திருந்தவர் தெமியார் இனத்தவர், மலேசியாவின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களில் ஒருவர். படம் எடுத்த ஆண்டு 1955. இடம் பேராக் மாநிலத்தில் பிளஸ் ஆற்றின் மேல்பகுதியில் இருந்த லெகாப் கோட்டை. அப்பா அங்கே வயர்லெஸ் இயக்குபவராக இருந்தார். இத்தனையும் தெரிந்துவைத்திருக்கும் எனக்கே முள் போனது தெரியவில்லை என்பதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் இந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டும்.

கடை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பூக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. படிகள் இருபத்திரண்டு. நான் எண்ணவில்லை, என் வலது முழங்கால் எண்ணியது. மின்தூக்கி கிடையாது. காரில் வராதீர்கள், முதல் முறை நான் காரில் வந்து முக்கால் மணி நேரம் சுற்றி, கடைசியில் கடைக்கும் எனக்கும் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு வெயிலில் நடந்தேன். அடுத்த முறை மோனோரயிலில் வந்து துன் சம்பந்தன் நிலையத்தில் இறங்கினேன். சுங்கை சிப்புட்காரனுக்கு அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் நெஞ்சு நிமிரும். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் எங்கள் ஊர் மனிதர்.

கடையில் இருவர். சட்டம் போடுபவர் அறுபதைத் தாண்டியவர்; காதில் பென்சில், மேசை முழுக்க மரத்தூள். படங்களைச் சீர்செய்வது அவருடைய அண்ணன் மகள், முப்பது வயது இருக்கலாம். பேச்சு குறைவு. நான் கதையை ஆரம்பித்ததுமே, "அங்கிள், முதலில் படத்தைப் பார்க்கிறேன், கதையைப் பிறகு கேட்கிறேன்" என்றுவிட்டாள். முப்பத்திரண்டு வருடம் தமிழ்ப்பள்ளி வாத்தியாராக இருந்தவனிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவள் செய்தது சரிதான்.

விளக்கை மேலேயிருந்து பிடிக்காமல் பக்கவாட்டில் வைத்துச் சாய்வாக ஒளி விழச் செய்தாள். அப்போதுதான் இடது மேல்மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரம் படத்தின் மேல்பூச்சை இளக்கிவிடுமாம். கண்ணாடியும் படமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டும் பசை போட்டதுபோல ஆகிவிடும். பிரித்து எடுக்கலாமே என்று கேட்டேன். "பிரித்தால் படம் பாதி கண்ணாடியில் தங்கிவிடும்" என்றாள். ஒட்டியது ஒட்டியபடியே கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேன் செய்துகொள்வது, அசல் படத்தை அமிலமில்லாத அட்டை வைத்துப் பெட்டியில் படுக்கவைத்துவிடுவது, சுவரில் பிரதியை மாட்டுவது என்று முடிவானது. ஓரங்களில் நீலமாக வெள்ளிபோல மின்னும் ஒரு படலம் இருக்கிறது. அது படத்தில் உள்ள வெள்ளியே மேலே வந்து படிவதாம். அதைத் துடைக்கவே கூடாதாம். என் மனைவி ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தச் சட்டத்தைத் துடைத்துவந்ததை நான் சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்து அவள் ஒரு தாளை அனுப்பினாள். நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பதானால் அந்தத் தாளுக்காகத்தான். படத்தைப் பெரிதாக அச்சடித்து, மேலே கண்ணாடித்தாள் ஒட்டி, சந்தேகமான ஒவ்வோர் இடத்தையும் சிவப்பு வட்டமிட்டு எண் போட்டிருந்தாள். மொத்தம் பதின்மூன்று. கீழே ஒரே வரி: எது கறை, எது படத்தில் உள்ளது என்று குறித்துத் தரவும்.

நானும் தங்கையும் சாப்பாட்டு மேசையில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தோம். இரவு பதினொன்றரை ஆகிவிட்டது.

ஒன்று, இரண்டு, மூன்று: பூஞ்சை. அழிக்கலாம்.

நான்கு: முள். அழிக்கக் கூடாது என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

நான்காம் எண்ணைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த மூக்கை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எனக்கு ஆறு வயது, 1967. அப்பா அப்போது வேலையை விட்டுவிட்டுச் சுங்கை சிப்புட் டவுனில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஒரு காலையில் வாசற்படியில் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். சந்தைக்குப் பெத்தாய்க் காய் கொண்டுவந்தவர், அப்பாவைத் தேடி விசாரித்து வந்திருக்கிறார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. சட்டை போட்டிருந்தார், மூக்கில் முள் இல்லை, துளை மட்டும் இருந்தது. நான் அந்தத் துளையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவர் சுற்றிலும் பார்த்தார், கதவோரம் சாத்தியிருந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவினார், ஒடித்து அளவாக்கினார், மூக்கில் குறுக்கே செருகிக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். நான் அலறிக்கொண்டு அம்மாவின் பின்னால் ஓடினேன். அப்பா அப்படிச் சிரித்து அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. அவர் கொண்டுவந்த பெத்தாயை முழுவதும் அம்மாவே வாங்கிக்கொண்டார். வீடு ஒரு வாரம் நாறியது.

அந்த ஒருமுறைதான். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

ஐந்து, ஆறு, ஏழு: கன்னத்துக் கோடுகள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது, இருக்கட்டும்.

எட்டு: அப்பாவின் கெண்டைக்காலில் கறுப்புப் புள்ளிகள். கறை என்று எழுதப்போன தங்கையின் கையைப் பிடித்து நிறுத்தினேன். அட்டைக்கடி ஆறாமல் புண்ணாகியிருந்த இடம். சாகும்வரை அந்தத் தழும்பு இருந்தது, குளிப்பாட்டும்போது நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஒன்பது, பத்து: பூஞ்சை. பதினொன்று: படத்தின் ஓரத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும் நாயின் பின்பாதி. இத்தனை வருடமாக அதைக் கறை என்றே நினைத்திருந்தேன்.

பன்னிரண்டு: முன்னால் நிற்கும் பெண்ணின் இடுப்புத் துணியில் சாய்வாக ஓடும் இணைகோடுகள். மடிப்பா, கீறலா என்று கேட்டிருந்தாள். அது தையல். பாராசூட் துணியின் தையல். கோட்டைக்கு அரிசி, உப்பு, புகையிலை, மருந்து எல்லாம் விமானத்திலிருந்துதான் இறங்கும். இறங்கிய துணி வீணாகவில்லை.

இங்கே அப்பாவின் வேலையைப் பற்றிச் சொல்லாமல் போனால் படம் புரியாது. எங்கள் வீட்டில் அவரைப் பட்டாளத்துக்காரர் என்போம். உண்மையில் அவர் இருந்தது போலீஸ் ஃபீல்டு ஃபோர்ஸ். ஆனால் காட்டில் துப்பாக்கியோடு திரிந்தவரைப் போலீஸ்காரர் என்று சொல்லத் தோட்டத்தில் யாருக்கும் வாய் வரவில்லை. 16.6.1948 அன்று காலை எங்கள் ஊர்ப் பக்கத்து எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்து அறிவித்த அவசரகாலம் 31.7.1960 வரை நீண்டது. முதல் சூடு விழுந்தபோது அப்பாவுக்குப் பதினாறு வயது, பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார்.

காட்டுக்குள் இருந்த கெரில்லாக்களுக்கு ஓராங் அஸ்லி மக்களோடு ஜப்பான்காரன் காலத்திலிருந்தே பழக்கம். கிழங்கு கொடுத்தது அவர்கள், வழி காட்டியதும் அவர்கள். இதை வெட்டிவிட அரசாங்கம் முதலில் செய்தது பெரிய முட்டாள்தனம். மலையில் இருந்தவர்களைக் கூட்டமாகப் பிடித்துக் கீழே கொண்டுவந்து முள்வேலிக்குள் அடைத்தார்கள். சமவெளி வெக்கை, புதுப் புது நோய்கள், பழகாத சாப்பாடு, ஏக்கம் எல்லாம் சேர்ந்து நூற்றுக்கணக்கில் செத்துப்போனார்கள். தப்பியவர்கள் திரும்பக் காட்டுக்குள் ஓடினார்கள், இன்னும் ஆழமாக. அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. அவர்களைக் கீழே இறக்குவதற்குப் பதிலாக 1953 வாக்கில் நாமே மேலே போய்க் காட்டுக்குள் கோட்டைகள் போடுவது என்று திட்டம் மாறியது. கோட்டை என்றால் கல்கோட்டை இல்லை. மூங்கிலும் அத்தாப்பு ஓலையும் முள்கம்பியும், நடுவில் ஒரு மருந்தறை, ஒரு சின்னக் கடை, ஒரு வயர்லெஸ் கொட்டகை. அந்தக் கொட்டகைதான் அப்பாவின் இடம்.

ஆகவே நட்பு பிடிப்பதே அங்கே அரசாங்க வேலைதான். அப்பாவுக்கு அது நன்றாகத் தெரியும். உப்பு கொடு, காய்ச்சல் மருந்து கொடு, அவர்களை நம் பக்கம் இழு என்பது கட்டளை. ஆனால் கட்டளைக்கு வெளியே சிலது நடந்திருக்கிறது. அதை அவர் எங்களிடம் சொன்னதே 2.12.1989 அன்று ஹாட்யாயில் கம்யூனிஸ்டுகளோடு சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான். அன்றிரவுச் செய்தி முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "இனிமேல் சொல்லலாம்" என்றார்.

கோட்டைக்குப் பக்கத்து மரவள்ளித் தோட்டத்தில் அவ்வப்போது ஒரு வரிசை காணாமல் போகும். சில சமயம் விடிந்து பார்த்தால் இரண்டு கூடை அளவு பிடுங்கியிருக்கும். இப்படி நடந்தால், கெரில்லாக்களுக்குப் போயிருக்கலாம் என்று பதிவேட்டில் எழுதி, மேலே செய்தி அனுப்ப வேண்டும்; ஆட்கள் வருவார்கள், விசாரணை நடக்கும், அதன் பிறகு அந்தத் தோட்டக்காரக் குடும்பத்தின் கதி என்ன என்று சொல்ல முடியாது. அப்பா எழுதியது இரண்டே சொல்: காட்டுப் பன்றி. "எல்லாப் பன்றிக்கும் நான்கு கால் இருக்க வேண்டும் என்று பதிவேட்டில் விதி இல்லை" என்றார் எங்களிடம். அவர் அப்படி எழுதுகிறார் என்பது மூக்கில் முள் வைத்திருந்த அந்த நண்பருக்குத் தெரியும். ஒருநாளும் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. ஆனால் கோட்டையிலிருந்து ரோந்து கிளம்பும் நாளில் அந்த மனிதர் சில சமயம் வந்து, இந்தப் பக்கம் போகாதீர்கள், அந்தப் பக்கம் போங்கள் என்று கை காட்டுவாராம். காட்டிய பக்கம் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். மற்ற பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அப்பா கேட்கவில்லை.

மேலதிகாரிக்குத் தெரிந்திருந்தால் வேலை போயிருக்கும், அதற்கு மேலும் போயிருக்கும். இதைச் சரி என்று சொல்லவோ தவறு என்று சொல்லவோ எனக்குத் தகுதி இல்லை. அப்பாவின் தோழர்கள் சிலர் வேறு இடங்களில் பதுங்கித் தாக்கியதில் செத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களையும் அன்றிரவே சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போனார்.

நான் எங்கேயோ போய்விட்டேன். பதின்மூன்றாம் எண்.

படத்தில் ஒரு குழந்தை நிற்கிறது, மூன்று வயது இருக்கும். அதன் கையில் வெள்ளையாக ஏதோ வளைந்திருக்கிறது. தங்கை அடித்துச் சொன்னாள், அது முறுக்கு என்று. ஒரு தீபாவளிக்கு ஆயா ஒரு பிஸ்கட் தகரம் நிறைய முறுக்கு சுட்டு அனுப்ப, அது ரேஷனோடு சேர்ந்து பாராசூட்டில் இறங்கி, திறந்து பார்த்தால் மாவாகப் போயிருந்ததாம். கோட்டைக்காரர்கள் சோகமாகப் பார்க்க, ஊர்ப் பிள்ளைகள் கையால் அள்ளி அள்ளித் தின்றார்களாம். இந்தக் கதையை அப்பா ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார். முழுதாகத் தப்பிய ஒரு முறுக்கு அந்தக் குழந்தை கையில் என்பது தங்கையின் வாதம். எனக்கு அது பூஞ்சை போலத்தான் தெரிந்தது. வாக்குவாதமாகிவிட்டது. கடைசியில் "தெரியவில்லை" என்று எழுதி அனுப்பினோம்.

மறுநாள் அவளிடமிருந்து பதில்: "தெரியாதது என்றால் நான் தொடுவதில்லை."

அது இப்போதும் அப்படியே இருக்கிறது. தங்கை வரும்போதெல்லாம் முறுக்கு என்பாள்.

இரண்டாவது வேலை அம்பறாத்தூணி. 1957-இல் மாற்றலாகிக் கிளம்பியபோது நண்பர் கொடுத்தது. ஒரு கணு மூங்கில், முக்கால் முழ உயரம், பிரம்பால் பின்னிய மூடி. உள்ளே மெல்லிய மூங்கில் குழல்கள் கயிற்றில் கோத்துச் சுருட்டியிருக்கும். குழலுக்கு ஓர் அம்பு. ஊதுகுழலில் வைத்து ஊதும் அம்பு, ஈர்க்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன், அடியில் தக்கைபோல ஒன்று. ஐந்து அம்புகள் இருந்தன. சட்டக்காரர் கையுறை தேடினார்.

"சார், நுனியில் விஷம் இருக்குமா?"

நியாயமான கேள்வி. அந்த விஷம் ஈப்போ மரத்துப் பால். ஈப்போ நகரத்துக்கே பெயர் கொடுத்த மரம். நான் அம்புகளை எடுத்துக் காட்டினேன். ஐந்துக்கும் நுனி இல்லை. கொடுக்கும்போதே ஒவ்வொன்றாக முறித்துப்போட்டுவிட்டுத்தான் அப்பா கையில் கொடுத்தாராம், வீட்டில் பிள்ளைகள் பிறப்பார்கள் என்று. அப்போது அப்பாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. சட்டக்காரர் ஓர் அம்பை விளக்கடியில் பிடித்து முறிந்த இடத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றி வைத்தார்.

மூங்கிலில் வண்டு இருந்தது. ஊசிமுனைத் துளைகள், தட்டினால் மாவு கொட்டியது. மருந்தடித்தால் நிறம் போய்விடும் என்று அவர் சொன்ன வைத்தியம்: பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் சுற்றி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வை. எடுத்த பிறகு ஒருநாள் முழுக்கப் பிரிக்காதே. கடையில் அவ்வளவு பெரிய ஃப்ரீசர் இல்லை, வீட்டில்தான் வைக்க வேண்டும். என் மனைவி மீனுக்கும் அம்பறாத்தூணிக்கும் நடுவில் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் மாவு கொட்டுவது நின்றுவிட்டது.

ஆழமான பெட்டிச் சட்டம் செய்து அதில் நிற்கவைத்திருக்கிறார். பசை இல்லை, ஆணி இல்லை. மூங்கிலின் நிறத்திலேயே நூல், பின்னால் முடிச்சு. மூடியைப் பாதி திறந்தபடி வைத்து, உள்ளே குழல்களின் வாய் தெரிகிற மாதிரி சாய்த்திருக்கிறார். ஓர் அம்பை மட்டும் வெளியே எடுத்துப் பக்கத்தில் படுக்கவைத்திருக்கிறார், முறிந்த நுனி பார்ப்பவரை நோக்கி. அதை நான் சொல்லவில்லை, அவராகச் செய்தது.

பிரச்சினை வந்தது அட்டையில். அசல் படம் ஓர் அட்டையில் ஒட்டியிருந்தது. கீழே தட்டச்சில், படம் எடுத்த அதிகாரி ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டிருந்தார். அதில் அப்பாவின் எண் இருக்கிறது, பெயர் இல்லை. மற்றவர்களுக்கு ஒரே சொல்: சக்காய். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், எங்கள் லயத்திலும்தான். அடிமை என்ற வாடை அடிக்கிற சொல். பிறகு அரசாங்கமே அதைக் கைவிட்டு ஓராங் அஸ்லி என்று மாற்றியது. அப்பா அந்த வரியின் மேல் நகத்தால் சுரண்டியிருக்கிறார், அட்டை சற்று நார்நாராக இருந்தது. ஆனால் எழுத்து போகவில்லை.

வெட்டிவிடலாம் என்றேன். அவள் வேண்டாம் என்றாள். "அசலில் இருப்பதை வெட்டக் கூடாது, அங்கிள். ஐயா சுரண்டியதும் அதிலேதான் இருக்கிறது." அசல் பெட்டிக்குள் முழுதாகப் போயிற்று. சுவரில் மாட்டும் பிரதியில், ஜன்னல் அட்டை அந்த வரிக்கு மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும்படி அளவு எடுத்தார் சட்டக்காரர். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சட்டத்தைக் கழற்றினால் இருக்கும்.

பித்தளைத் தகட்டில் என்ன பொறிப்பது என்று கேட்டார். அப்பாவின் பெயரைச் சொன்னேன். பக்கத்தில் நிற்பவர் பெயர்?

எங்களுக்குத் தெரியாது. 1967-இல் அம்மா கேட்டபோதுகூட அப்பா "அண்ணன்" என்றுதான் சொன்னார். கோட்டையில் அப்பா அவரை அண்ணே என்று கூப்பிட்டிருக்கிறார், தோட்டத்துப் பழக்கம். அந்த மனிதர் அதை அப்பாவின் பெயர் என்று நினைத்துக்கொண்டு அவரும் அண்ணே என்றே கூப்பிட ஆரம்பித்திருக்கிறார். வாசற்படியிலும் இரண்டு பேரும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள், யார் மூத்தவர் என்றே எனக்குப் புரியவில்லை. சட்டக்காரர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டு, "இரண்டு பக்கமும் பெயர் வேண்டாமே சார்" என்றார். தகட்டில் இப்போது இருப்பது: லெகாப், 1955.

கணக்கு: ஸ்கேனும் சீர்செய்ததும் 180 வெள்ளி (ரிங்கிட்), படத்துக்குச் சட்டம் 260, பெட்டிச் சட்டம் 420. மலிவு இல்லை. முதல் கடையில் எல்லாம் சேர்த்து 75 வெள்ளிக்கு முடிந்தது, அதைவிட மலிவாக ஒருவரைக் காணாமல் போக்க முடியாது. கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடுகிறார்கள், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வகை. படத்துக்கும் அதற்கும் நடுவில் இடைவெளிக் கட்டை வைக்கிறார்கள், இனி ஒட்டாது. மூன்று வாரம் என்று சொல்லி ஐந்து வாரம் ஆக்கினார்கள். தொலைபேசியை எடுப்பதே இல்லை. செய்தி அனுப்பினால் பதில் வரும், ஆனால் இரவு பத்து மணிக்கு மேல். ரசீதை எழுதும் தாளில் கார்பன் வைக்க மறந்து எனக்கு வெறும் தாளைக் கொடுத்தார் பெரியவர். உட்காரும் நாற்காலி ஒன்று, அதிலும் யாருடைய படமோ வைத்திருந்தது. மூட்டு வலி உள்ளவர்கள் படியேறும் முன் கீழே பூக்கடைக்காரம்மாவிடம் சொன்னால் மேலிருந்து ஆள் இறங்கி வந்து வாங்கிக்கொள்கிறார்கள். இதை எனக்கு யாரும் முதலில் சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன்.

வாங்கிக்கொண்டு கிளம்பும்போது இன்னொரு பிரதி கேட்டேன். என் மருமகன் ஹைலக்ஸ் வண்டி வைத்திருக்கிறான். லெகாப் கோட்டை இப்போது போஸ் லெகாப், தெமியார் மக்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பள்ளி விடுமுறையில் போகலாம் என்று பேசிவைத்திருக்கிறோம். படத்தில் இருக்கும் குழந்தைக்கு இப்போது எழுபதுக்கு மேல் இருக்கும்.

சட்டம் போடட்டுமா என்று பெரியவர் கேட்டார். அவள் குறுக்கிட்டாள். "அந்தப் பாதையில் சட்டம் தாங்காது, சித்தப்பா. சுருட்டிக் குழாயில் போட்டுக் கொடுங்கள்." பிறகு என்னிடம், "இந்தப் பிரதியில் கீழ் வரி வேண்டாம் அல்லவா, அங்கிள்?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் அட்டையை விட்டுப் படத்தை மட்டும் அச்சுக்குக் கொடுத்தாள். 45 வெள்ளி. குழாய்க்கு மூடி கிடைக்கவில்லை என்று பெரியவர் மேசைக்கு அடியில் தேடி, கடைசியில் ஒரு துண்டு பிரம்புப் பாயைச் சுருட்டி அடைத்துக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.